சரிகை சுற்றிய கடல் ராடு

செண்பகம் அந்தத் தூண்டில் ராடைப் பழைய வேட்டி ஒன்றில் சுற்றி, இரண்டு இடத்தில் கயிறு போட்டுக் கட்டி எடுத்து வந்தார். காலை பதினொரு மணி இருக்கும். கடையில் நானும் முதலாளி பாயும் மட்டும்தான் இருந்தோம். பொட்டலத்தைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். பிரிக்கவில்லை.

"ண்ணா, எங்க வூட்டுக்காரரு உங்ககிட்ட வாங்கின ராடு இது. வளையம் பிச்சிக்கினு வந்து நூலு மாட்டிக்கிச்சு, அதனாலதான் கைய வெச்சேன்னு சொல்றாரு. நெசமா? ராடுல ஏதாவது கோளாறு இருந்துச்சா?"

அவருடைய கணவர் வரதன் சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி நெய்கிறவர். கடலில் மீன் பிடிக்கும்போது நூல் அறுத்து வலது கையில் இரண்டு விரல்களுக்கு நரம்பு போய்விட்டது. ஆபரேஷன் நடந்து அன்றைக்கு நான்காவது நாள். செய்தி எனக்கு முன்பே வந்திருந்தது. என்ன பதில் சொல்வது என்பதையும் நான் முன்பே யோசித்து வைத்திருந்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

"ராடுல ஒரு கோளாறும் இல்லம்மா. பிரெய்டு லைன்னா பின்னின மெல்லிசு நூலு, அதைக் கையில சுத்தவே கூடாது. அவரு சுத்திட்டாரு. அதான் நடந்துச்சு" என்றேன்.

செண்பகம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அப்போ அந்த மனுசன் புத்தியிலதான் கோளாறு" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். கயிற்றின் முடிச்சைக்கூட நான் தொட்டிருக்கவில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தத் தூண்டில் கடையில் முப்பது வருடத்துக்கும் மேலாக வேலை செய்தேன். இப்போது வீட்டில் இருக்கிறேன். கடல் ராடு எப்படிப் பார்த்து எடுப்பது என்று எழுதித் தரும்படி, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்டார்கள். நான் மிகச் சரியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்த ஒரு ராடைப் பற்றியே எழுதுகிறேன்.

1. எங்கே நிற்கப் போகிறாய்?

காஞ்சிபுரத்தில் கடல் கிடையாது. ஆனாலும் எங்கள் கடையில் கடல் ராடு விற்றது. காரணம் அமாவாசை. அன்றைக்குத் தறிகளுக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் கடலிலும் ஏற்றம் அதிகம், மீன் கரையோரம் வரும். நெசவாளிகள் நாலைந்து பேராகச் சேர்ந்து வேன் பிடித்து விடியும் முன்னே கிளம்பிவிடுவார்கள். அதனால் அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது கடையில் நிற்க இடமிருக்காது.

வரதன் அப்படி ஒரு கூட்டத்தில்தான் வந்தார். அதுவரை மாகறல் பக்கம் ஏரியில் மூங்கில் கொம்பு போட்டுக் கெண்டை பிடித்துக்கொண்டிருந்தவர்.

"ண்ணா, கடலுக்கு ஒரு ராடு குடு. பன்னெண்டு அடில."

"பன்னெண்டு அடின்னு யாரு சொன்னது?"

"செல்லுல பாத்தேன்."

"செல்லுல வந்தவன் எங்க நின்னுக்கினு இருந்தான்?"

"மணல்ல."

"நீ எங்க நிக்கப்போற?"

"சதுரங்கப்பட்டினத்தாண்ட கடலோரமா கல்லு கொட்டி வெச்சிருக்காங்களே, அதும் மேல."

செல்போனைப் பார்த்துவிட்டு வந்து எனக்கே பாடம் எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வரதன் அப்படிப்பட்டவர் இல்லை. கேட்ட கேள்விக்கு யோசித்துப் பதில் சொன்னார். அதனால் நானும் பொறுமையாகச் சொன்னேன். மணலில் நிற்கிறவனுக்கு அலையைத் தாண்டி ஈயக் குண்டை வீச வேண்டும், அதற்குப் பன்னிரண்டு அடி வேண்டும். கல்லின் மேல் நிற்கிறவனுக்குக் காலடியிலேயே ஆழம் இருக்கிறது. அவனுக்கு ஒன்பது அடி போதும். வழுக்குகிற கல்லில் நீளமான கம்பை வைத்துக்கொண்டு திரும்பக்கூட முடியாது.

அடுத்து என்ன மீன் என்று கேட்டேன். கொடுவா என்றார். அதற்கு நுனி மெதுவாக வளைய வேண்டும், அடிப்பாகம் விறைப்பாக இருக்க வேண்டும். முழு கார்பன் ராடு ஒன்றை எடுத்து ஆசையாகத் தடவிப் பார்த்தார். வேண்டாம் என்று வாங்கித் திரும்பச் சுவரில் மாட்டினேன். கார்பன் எடை குறைவுதான். ஆனால் கல்லில் ஒருமுறை தட்டினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், பிறகொரு நாள் மீன் இழுக்கும்போது அந்த இடத்தில் மடாரென்று போகும். ஃபைபர் கலந்தது கொஞ்சம் கனம், ஆனால் அடி தாங்கும்.

"மடக்குற ராடு இருக்குதே, பையிலயே போயிடும்ல?"

"போவும். ஜாயின்ட்ல உப்பும் மணலும் பூந்துக்கிச்சுன்னா மடங்காது. நீட்டினபடியே வேன் மேல கட்டிக்கினு காஞ்சிபுரம் வரைக்கும் வரணும், பரவால்லயா?"

சிரித்தார். இரண்டு துண்டாகக் கழற்றும் ராடு ஒன்றை எடுத்து, நுனியை நான் பிடித்துக்கொண்டு அவரைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். கடையில் ராடை வெறுமனே ஆட்டிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. யாராவது நுனியைப் பிடித்து இழுக்க வேண்டும், அப்போதுதான் கைக்குத் தெரியும். வரதன் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். முகம் மலர்ந்துவிட்டது.

"வூட்ல தெரியாதுண்ணா. கடலுன்னா செண்பகம் கத்துவா. ஆனா மாசத்துல ஒரு நாளாவது நிமிந்து நிக்கணும்ணா. மத்த நாளெல்லாம் தறியில குனிஞ்சிக்கினே கெடக்குறேன்."

2. எங்க சரிகை

அந்த ராடில் ஒரே ஒரு குறை. நூல் சுற்றும் ரீலுக்கு அடுத்து வரும் முதல் கைடு, அதாவது நூல் ஓடுகிற முதல் வளையம், கொஞ்சம் சின்னது. பிரெய்டும் அதன் நுனியில் சேர்த்துக் கட்டும் நைலானும் சந்திக்கும் முடிச்சு அதில் உரசும். பெரிய கைடு மாற்றிக் கட்டித் தருகிறேன் என்று சொன்னேன். அது என் கைவேலை. கைடின் காலை ராடின் மேல் வைத்து, இழைக்கு இழை இடைவெளி இல்லாமல் நூல் சுற்றி, மேலே எபாக்ஸி என்ற பிசினைப் பூச வேண்டும். நானும் தறி இருந்த வீட்டில் பிறந்தவன்தான், நூல் என் பேச்சைக் கேட்கும். ஏரி ராடு வாங்குகிறவர்களுக்கு நைலான் நூலில் கட்டிவிட்டு, அழகுக்கு அதன் மேல் நாலு சுற்று சரிகை போட்டுக் கொடுப்பேன். காஞ்சிபுரத்து ராடு என்று சென்னையிலிருந்துகூட வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

வரதன் பையிலிருந்து ஒரு சின்னக் கண்டு சரிகையை எடுத்து வைத்தார்.

"இத்த வெச்சே கட்டுண்ணா. எங்க சரிகை. முழுசா இதுலயே சுத்து."

அந்த இடத்தில் நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சரிகை என்பது பட்டு இழையின் மேல் மெல்லிய உலோகக் கம்பி சுற்றியது. அது முந்தானையில் கிடக்கப் பிறந்தது, இழுவிசை தாங்கப் பிறந்ததில்லை. உப்புத் தண்ணீர் பட்டால் உலோகம் களிம்பேறிப் பூத்துவிடும், உள்ளே இருக்கும் இழையும் நைந்துபோகும். இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். கட்டுவதுதான் கட்டுகிறோம், எபாக்ஸி பூசினால் தண்ணீர் எங்கே உள்ளே போகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த எபாக்ஸியையும் ஒரே கோட்டோடு நிறுத்தினேன். அமாவாசைக்கு நாள் இல்லை என்பது ஒரு காரணம். இரண்டாவது கோட் போட்டால் சரிகையின் பளபளப்பு மங்கும் என்பதுதான் உண்மையான காரணம். மறுநாள் சாயங்காலம் வரதன் வந்து அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையில் இருந்தவர்களெல்லாம் வாங்கிப் பார்த்தார்கள். பாய்கூட கல்லாவை விட்டு எழுந்து வந்து பார்த்து, "மாஷா அல்லா, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குது" என்றார்.

கொடுக்கும்போது, நூலைக் கையில் சுற்றாதே என்று வரதனிடம் சொன்னேன். எல்லோரிடமும் சொல்வதுபோல ஒரு தடவை சொன்னேன்.

3. கல்லின் மேல்

நாலு அமாவாசைக்கு அந்த ராடு நன்றாக வேலை செய்தது. வரதன் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தார் என்று அவரோடு போனவர்கள் சொன்னார்கள். அவர் செய்ய வேண்டியதை அவர் செய்திருக்கிறார்.

ஐந்தாவது முறை நடந்ததை வரதனே பிறகு எனக்குச் சொன்னார். ஏழு மணி வெயிலில் நல்ல கொடுவா ஒன்று மாட்டியிருக்கிறது. ராடு அழகாக வளைந்திருக்கிறது. ரீலைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அந்த முதல் கைடு கட்டை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்து, நூலோடு ஓடி அடுத்த கைடில் போய்ச் சிக்கியது. நூல் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மீன் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் ராடைத் தாழ்த்தி, கத்தியை எடுத்து நூலை அறுத்து விட்டிருப்பார்கள். வரதனுக்கு நூல் சிக்கினால் விரல்தான் முதலில் போகும். தறியில் இழை அறுந்தாலும் சிக்கினாலும் விரலால் பிடித்து, விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, இழுத்து முடிவதுதான் அவர் சிறுவயதிலிருந்து செய்துவந்த வேலை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் பிரெய்டைச் சுற்றிக்கொண்டு கைடை விடுவிக்கப் பார்த்தார். பிரெய்டு மெல்லியது, கத்தி மாதிரி அறுக்கும். அந்த நேரம் பார்த்து மீன் ஆழத்துக்கு ஓடியது.

விரல்கள் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. டாக்டர் நரம்பைச் சேர்த்துத் தைத்தார். விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை, நுனியில் உணர்வு திரும்பவே இல்லை. பட்டு இழை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத விரலை வைத்துக்கொண்டு பட்டு நெய்ய முடியாது.

4. வேட்டியைப் பிரித்தது

செண்பகம் வந்துபோன அன்று வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குக் கிளம்பிய பிறகுதான் பொட்டலத்தைப் பிரித்தேன். கம்பெனியில் கட்டி வந்த கைடுகள் ஒன்றுகூட அசையவில்லை. நான் கட்டிய இடத்தில் மட்டும் எபாக்ஸி வெடித்து, சரிகை பச்சையாகப் பூத்துக் கிடந்தது. நகத்தால் கீறினேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது. வரதன் வீட்டில் சொன்னது அத்தனையும் உண்மை.

மேஜைக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு சின்ன காஞ்சிபுரத்துக்குப் போயிருந்தால் இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. போகவில்லை. சரிகை எச்சத்தையெல்லாம் பிளேடால் சுரண்டிக் குப்பையில் போட்டேன்.

பாய் திரும்பி வந்ததும் கேட்டார். "இன்னா மூர்த்தி, பிரிச்சிப் பாத்தியா? நம்ம வேலையில எதுனா குறை இருந்துச்சா?"

"இல்ல பாய்."

"நல்லா பாத்தியா?"

"பாத்துட்டேன் பாய். ஒண்ணுமில்ல."

முதல் பொய்யை ராடைப் பார்க்காமல் சொன்னேன். இரண்டாவதைப் பார்த்துவிட்டுச் சொன்னேன். இரண்டாவது சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

நைலான் நூலில் புதுக் கைடு கட்டி, இரண்டு கோட் எபாக்ஸி பூசி, ராடைச் சுவரில் மாட்டினேன். அதை எடுத்துப்போக வரதன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு யாருக்கும் நான் சரிகை போட்டதில்லை. கேட்டவர்களிடம் கண் சரியில்லை என்று சொன்னேன்.

5. நான் சொல்லிவந்த கதை

எட்டு மாதம் போனது. வரதனின் தறியில் செண்பகம் உட்கார்ந்து நெய்கிறார் என்றும், வரதன் ஒரு சேலைக் கடை வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறார் என்றும் கேள்விப்பட்டேன். அந்தக் கடை இருக்கும் தெரு வழியாகப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் எழுத வேண்டும். அந்த எட்டு மாதமும் பிரெய்டு வாங்க வந்தவர்களிடமெல்லாம் நான் வரதனின் கதையைச் சொன்னேன். "ஒருத்தர் லைனைக் கையில சுத்திட்டாரு, ரெண்டு விரல் போச்சு, ஜாக்கிரதை" என்பேன். கேட்டவர்கள் ஐயோ என்பார்கள். எச்சரிக்கை செய்கிறோம் என்று எனக்கு ஒரு நிம்மதி. கைடு பிடுங்கிக்கொண்ட பகுதியை மட்டும் சொல்ல மாட்டேன்.

ஓர் அமாவாசைக்கு முந்தின நாள், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் முதல் கடல் ராடு வாங்க வந்திருந்தார். அவருக்கும் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் செக்யூரிட்டி சட்டையோடு ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்த பிறகுதான் வரதன் என்று தெரிந்தது. கதையைப் பாதியில் விட்டேன்.

வரதன் கோபப்படவில்லை. உள்ளே வந்து, அந்தக் கையை அந்த ஆளின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"அது நான்தான் சார். இவரு எனக்குப் படிச்சிப் படிச்சி சொன்னாரு. நான் கேக்கல. என்னைய மாதிரி முட்டாளா இருக்காதீங்க."

அந்த மனிதர் சங்கடத்தில் நெளிந்து, அவசரமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார். வரதன் சுவரைப் பார்த்தார்.

"என் ராடு இன்னும் இருக்குதாண்ணா? யாராவது கேட்டா குடுத்துடு. வூட்ல அதப் பத்திப் பேச்செடுத்தாலே சண்ட வருது. வளையம் பிச்சிக்கிச்சுன்னு நான் சொன்னா, பொய் சொல்லாத, கடைக்காரரே சொல்லிட்டாருன்னு அவ வாய அடைக்கிறா. இப்போ எனக்கே சந்தேகமா இருக்குதுண்ணா. வளையம் தானா பிச்சிக்கிச்சா, இல்ல நானே பயத்துல இழுத்துப் பிச்சிட்டேனா, ஒண்ணும் தெரியல."

அதைக் கேட்ட பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனே இல்லை. பாய் கல்லாவில்தான் இருந்தார். அவர் முன்னாலேயே சொன்னேன்.

"பிச்சிக்கிச்சு வரதா. நான் கட்டினது. சரிகை பூத்துப்போய் இத்துப்போச்சு. அன்னிக்கே பிரிச்சிப் பாத்தேன். உன் தப்பு இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்."

பாய் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வரதன் ஸ்டூலில் உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அன்றைக்குக் கல்லின் மேல் நடந்ததை ஒன்று விடாமல் எனக்குச் சொன்னார்.

"சரிகை நான்தானே குடுத்தேன்" என்றார் கடைசியில்.

"நீ குடுத்த. வேணாம்னு சொல்றதுக்குத்தான் பாய் எனக்குச் சம்பளம் குடுத்துக்கினு இருக்காரு."

வரதன் எழுந்தார். "இத்த எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? அவகிட்ட வந்து சொல்லுண்ணா. இப்பவே வா."

6. தறி நின்றது

அவர் வீட்டுக்கு நடந்தே போனோம். செண்பகம் தறிக்குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சரிகை, ஒற்றைக் கோட், பிளேடால் சுரண்டியது, பாயிடம் சொன்ன பொய், எதையும் விடவில்லை. பாதியிலேயே தறிச் சத்தம் நின்றுவிட்டது.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. குழியிலிருந்து எழுந்து வந்து, வரதனைத் தரையில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்து, அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்தத் தையல் தழும்பை அவர் அப்போதுதான் முதல்முதலாகக் கிட்டத்தில் பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

"வலிக்குது வலிக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தியே" என்றார். "இன்னும் வலிக்குதா?"

வரதன் ஆமாம் என்று தலையை ஆட்டினார். பிறகு அழ ஆரம்பித்தார். ஐம்பது வயது மனிதர், செக்யூரிட்டி சட்டையோடு. நான் அங்கே நிற்பது சரியில்லை என்று வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் கடைக்கு வரவில்லை. ராடை மறுநாளே பாய் உடைத்துக் குப்பையில் போடச் சொன்னார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் நான் கட்டிய ஒவ்வொரு கைடையும் அதன்பின் அவரே பிடித்து இழுத்துப் பார்த்த பிறகுதான் வாடிக்கையாளரிடம் கொடுத்தார். அதற்கு நான் எதுவும் சொல்ல முடியாது.

கடல் ராடு பார்த்து எடுப்பதில் நீளம், நுனி, கார்பன், ஃபைபர் எல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கு வந்துவிடும். கடலுக்குப் போகிற பொருளில் அழகுக்காக எதையும் சேர்க்காதீர்கள், வாடிக்கையாளரே கேட்டாலும் முடியாது என்று சொல்லுங்கள். உடைந்த ராடோடு யாராவது வந்து நின்றால், முதலில் ராடைப் பாருங்கள், பிறகு வாயைத் திறங்கள். நான் கெடுத்தது இரண்டு விரலை மட்டும் என்றால், அது கை தவறி நடந்தது என்று சொல்லியாவது மனதைத் தேற்றிக்கொள்வேன். வலிக்கிறது என்று சொன்ன மனிதனிடம், எங்கே வலிக்கிறது என்று அவன் மனைவி எட்டு மாதம் கேட்காமல் இருந்ததற்கு நான் காரணம். அதைத் தேற்றிக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.